கோழிக்குழம்பு நாளில் பொய் சொன்ன திசைப்பெட்டி

ஒரே படகு, ஒரே பெட்டி, ஒரே வயர். செவ்வாயும் வெள்ளியும் திசையைச் சரியாகக் காட்டுகிற கருவி, வியாழனும் ஞாயிறும் மட்டும் எப்படித் தப்பாகக் காட்டும்?

மீமிசல் டீக்கடையில் இந்தக் கேள்வி முதலில் காதில் விழுந்தபோது இதை எழுதுகிறவனுக்கு விடை தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் காந்தத்தைப் பற்றி ஒரு பாடம் முழுக்கப் படித்திருந்தும் தெரியவில்லை. விடையைக் கண்டுபிடித்தவர் பிரகதீஸ்வரி. அவரைப் பற்றியும் அந்த ஒரு வாரத்தைப் பற்றியும் சொல்வதுதான் இந்தக் கதை.

பிரகதீஸ்வரிக்கு முப்பத்து நாலு வயது. மீமிசல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடைக்கும் வலைக்கயிறு விற்கிற கடைக்கும் நடுவில், ஆறடி அகலத்தில் அவர் கடை இருக்கிறது. மிக்சி, இன்வெர்ட்டர், செல்போன், கோயில் மைக் செட் என்று எது வந்தாலும் பார்ப்பார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, கீரனூரில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் ஒரு சர்வீஸ் கடையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் மற்றவர்கள் தூங்குவார்கள். இவர் கைப்பையிலிருந்து ஏதாவது ஒரு பழுதான ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துத் திருகாணியைக் கழற்றுவார். ஐஸ் வண்டி ஓட்டுகிற கவியரசனைக் கல்யாணம் செய்துகொண்டு மீமிசலுக்கு வந்தபோது, சீர்ச் சாமான்களோடு ஒரு சால்டரிங் ராடும் வந்து இறங்கியது என்று இன்றைக்கும் கவியரசன் சொல்லிச் சிரிப்பார்.

வேலையில் அவருக்கு இரண்டு பழக்கங்கள். கழற்றுகிற ஒவ்வொரு வயரிலும் மருந்துக்கடை பிளாஸ்திரியைச் சுற்றி, அதன் மேல் பேனாவால் எண் போட்டுவிடுவார். அடுத்தது, எதையும் திறப்பதற்கு முன்னால் கேள்வி கேட்பார். கடைசியாக நன்றாக ஓடியது என்றைக்கு, அன்றைக்கு என்ன செய்தீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள், பக்கத்தில் என்ன இருந்தது என்று வரிசையாக வரும். மிக்சி கொண்டுவந்தவர்கள், போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோமோ என்று முழிப்பார்கள். பழுது பார்க்கிற நேரத்தைவிட விசாரிக்கிற நேரம் அதிகம். ஆனால் திறந்தபிறகு அவர் கை தப்பான இடத்துக்குப் போனதில்லை.

ஒரே ஒரு தடவை கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டார். அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

தை மாதக் கடைசியில் ரத்தினவேல் கடைக்கு வந்தார். கொடும்பாளூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ஷார்ஜாவில் ஃபைபர் படகு கட்டுகிற பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, மீமிசலில் வீடு எடுத்து, ஒரு ஃபைபர் வல்லம் வாங்கியிருந்தார். கம்மாயில் நீந்தத் தெரியாதவன் கடலில் படகு விடப் போகிறான் என்று அவருடைய அண்ணன் தம்பிகளே கேலி செய்தார்கள். அதனால்தானோ என்னவோ, மற்ற படகுகளில் இல்லாததெல்லாம் தன் படகில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. ஷார்ஜாவில் உடைக்க வந்த படகுகளிலிருந்து மூன்று கருவிகளை வாங்கி வந்திருந்தார். ஒன்று, கடல் வரைபடம் காட்டுகிற ஜிபிஎஸ் திரை. இரண்டாவது, வயர்லெஸ். மூன்றாவது, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இது என்னண்ணே?" என்று அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் பிரகதீஸ்வரி முதலில் எடுத்தார்.

படகின் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று அது சொல்லுமாம். ஜிபிஎஸ்தான் இருக்கிறதே, அதற்குத் திசை தெரியாதா என்று கேட்டார். ரத்தினவேல் அதோடு வந்த கையேட்டை எடுத்து நீட்டினார். அன்று சாயங்காலம் முழுக்க அதை எழுத்துக் கூட்டிப் படித்து, பிரகதீஸ்வரியே புரிந்துகொண்டார். ஜிபிஎஸ்ஸுக்குத் தான் இருக்கிற இடம் தெரியும். நகர்ந்தால், எந்தப் பக்கம் நகர்கிறோம் என்றும் தெரியும். ஆனால் வலையைப் போட்டுவிட்டுப் படகு சும்மா மிதக்கும்போது, மூக்கு எங்கே இருக்கிறது, வால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கண்ணைக் கட்டி ஒருவரை நடுக்கூடத்தில் நிறுத்தியதுபோல. இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் காந்தத்தை உணர்கிற ஒரு சில்லு இருக்கிறது. பூமியின் வடக்கை அது அறிந்து, திரைக்குச் சொல்லும். திரையில் இருக்கிற சின்னப் படகுப் படம், நிஜப் படகு திரும்பும்போது தானும் திரும்பும். அதேபோல ஜிபிஎஸ் தன் இடத்தை வயர்லெஸ்ஸுக்குச் சொல்லும். ஆபத்தில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், படகு எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்து போகும்.

மூன்று பெட்டிகளும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். அதுதான் வேலை.

மூன்றும் மூன்று கம்பெனி. ஒன்றில் பேசுகிற வயர் நீலம், இன்னொன்றில் பச்சை. ஒன்றின் வாயை இன்னொன்றின் காதோடு சேர்க்க வேண்டும். வாயை வாயோடு சேர்த்தால் எதுவும் நடக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் ஆனது. சரியாகச் சேர்த்தும் கறுப்புப் பெட்டி சொன்னது திரைக்குக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, பெட்டி ஒரு வேகத்தில் பேசுகிறது, திரை அதைப்போல எட்டு மடங்கு வேகத்தில் கேட்க உட்கார்ந்திருக்கிறது. திரையின் அமைப்பில் போய் அந்த வேகத்தைக் குறைத்தவுடன் எண்கள் வந்து விழ ஆரம்பித்தன. பிரகதீஸ்வரி கடை மேசையில் மூன்று பெட்டிகளையும் பேசவிட்டு, கறுப்புப் பெட்டியைக் கையில் பிடித்து இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் சின்னப் படகு திரும்பித் திரும்பி வந்தது. பழுது பார்க்கக் கொடுத்த மிக்சியை வாங்க வந்தவர் கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

அடுத்து படகில் மாட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ரத்தினவேலுக்குப் படகு ஓட்டத் தெரியாது. சுக்கான் பிடிக்கிறவர் தங்கமுத்து. ஐம்பது வயது. காற்றை முகத்தில் வாங்கியே கரை எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடியவர். பொம்பளை படகில் ஏறக் கூடாது என்பது அவர் அப்பா காலத்து வழக்கம், அவருக்கும் அதுதான் வழக்கம். ரத்தினவேல் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். படகு அப்போது பெயிண்ட் அடிப்பதற்காகக் கரையில் ஏற்றிக் கிடந்தது. கரையில் கிடக்கும்போது அது படகில்லை, வெறும் சாமான், சாமானில் யார் ஏறினால் என்ன என்று வாதாடினார். தங்கமுத்து பீடியை அணைத்துவிட்டு, "தண்ணியில இறங்குன பெறகு கால் வைக்கக் கூடாது. அம்புட்டுத்தான்" என்றார்.

அப்படித்தான் பிரகதீஸ்வரி மூன்று நாள் அந்தப் படகில் வேலை செய்தார். பின்பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வீல் ரூம். அதற்குள் திரையை மாட்டினார். வயர்லெஸ் பெட்டிக்குள் ஸ்பீக்கர் இருக்கிறது, ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது, அது பக்கத்தில் இருந்தால் கறுப்புப் பெட்டி குழம்பும் என்று கையேட்டில் படித்திருந்தார். அதனால் வயர்லெஸ்ஸை ஒரு கோடியிலும், கறுப்புப் பெட்டியை மறு கோடிப் பலகைக்கு வெளிப்பக்கம் ஒரு மூடிக்குள்ளும் வைத்தார். ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்திரி சுற்றி எண் போட்டார். உப்புக்காற்று உள்ளே போகாதபடி சூடு காட்டினால் சுருங்குகிற குழாயைப் போட்டு மூடினார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரே குறை, படகு தரையில் கிடந்ததால் சின்னப் படகுப் படம் அசையவே இல்லை. அது தண்ணீரில் திரும்புவதை அவர் பார்க்க முடியாது. படகை இறக்கியதும் மெதுவாக இரண்டு முழு வட்டம் அடிக்க வேண்டும், அப்போதுதான் பெட்டி பழகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கரையில் நின்றார்.

அந்தக் கரையில் நாட்டுப்படகுகளுக்கு வாரம் நாலு நாள் முறை: ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி. செவ்வாய்க்கிழமை இறக்கினார்கள். தங்கமுத்து இரண்டு வட்டம் அடித்தார். பெட்டி சொன்னபடி கேட்டது. மத்தியானம் திரும்பி வந்த ரத்தினவேலின் முகத்தைப் பார்த்தால், அவரே கடலைத் தோண்டியவர் போல இருந்தது.

வியாழக்கிழமை மாசிப் பனி இறங்கியது. விடிந்தும் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. வலை போட்ட இடத்தில் மீன் இல்லாததால், வாடைப் பக்கமாக, அதாவது வடக்கே கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று தங்கமுத்து சுக்கானைத் திருப்பினார். பனியில் காற்றும் இல்லை, சூரியனும் இல்லை. திரையில் படகின் மூக்கு நேர் வடக்கே இருந்தது. அதை நம்பி ஓட்டினார். இருபது நிமிஷம் கழித்து, டீ ஊற்ற உள்ளே வந்த ரத்தினவேல் திரையைப் பார்த்தார். மூக்கு வடக்கேதான் இருக்கிறது. ஆனால் படகு வந்த தடம் கிழக்கே சாய்ந்து சாய்ந்து போயிருக்கிறது. வரைபடத்தில் சிவப்பாகப் போட்டிருக்கிற எல்லைக்கோடு விரல் அகலத்தில் நிற்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று மீமிசலில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. படகும் வராது, ஆளும் எப்போது வருவார் என்று தெரியாது.

திரும்பி வந்ததும் தங்கமுத்து சத்தம் போடவில்லை. அதுதான் பிரகதீஸ்வரிக்குப் பயமாக இருந்தது. ரத்தினவேலிடம் அமைதியாக, வயரையெல்லாம் பிடுங்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பெட்டி ஒழுங்காகக் காட்டியது.

அதற்குப் பிறகுதான் டீக்கடையில் பேச்சு கிளம்பியது. செவ்வாய் அம்மன் நாள், பெட்டி சரி. வெள்ளி அம்மன் நாள், பெட்டி சரி. நடுவில் வியாழன், அம்மன் காவல் இல்லாத நாள், பெட்டி பொய் சொன்னது. பொம்பளை கால் வைத்த படகு, அம்மன் பார்த்துக்கொள்கிற நாளில்தான் உருப்படியாகப் போகும். கேட்பதற்குக் கணக்கு சரியாகவே இருந்தது. பிரகதீஸ்வரிக்கே அது சரியாக இருப்பதுதான் எரிச்சலாக இருந்தது. கோபப்பட்டு என்ன செய்வது? பெட்டி நிஜமாகவே கிழமை பார்த்துத்தான் பொய் சொல்கிறது. அப்படியானால் அந்தக் கிழமையில் ஏதோ ஒன்று இருக்கிறது. என்ன அது?

இந்தப் படகிலேயே பெயர் கெட்டுவிட்டால் இனி எந்தப் படகும் அவரைக் கூப்பிடாது. மிக்சியும் ரிமோட்டும் எப்போதும் இருக்கும். ஆனால் மூன்று பெட்டிகளைப் பேசவைத்த அந்த வேலை திரும்பக் கிடைக்காது. ரத்தினவேலிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டு, அடுத்த புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி வரை அவகாசம் வாங்கினார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம்.

படகில் ஏற முடியாது. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை அனுப்பினார். அரைமணிக்கு ஒரு தடவை நாலு விஷயம் எழுத வேண்டும். மணி என்ன, கறுப்புப் பெட்டி காட்டுகிற எண் என்ன, ஜிபிஎஸ் காட்டுகிற ஓட்டத்தின் எண் என்ன, அப்போது படகில் எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கு என்றால் பூஜ்யம், கிழக்கு என்றால் தொண்ணூறு, இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பெட்டி நல்ல பிள்ளை.

மீன் பிடிக்கப் போகிறோமா, பரீட்சை எழுதப் போகிறோமா என்று தங்கமுத்து கேட்டாராம். ஆனாலும் எழுதினார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். எழுதச் சொன்னதோடு நிற்காமல், தன் பங்குக்கு நக்கலையும் சேர்த்து எழுதினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நோட்டு கடைக்கு வந்தது. பிரகதீஸ்வரி ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்தார்.

"5.30. பெட்டி 20. ஓட்டம் 62. லைட்ட அணச்சுப் பாத்தாச்சு. வயர்லெஸ்ஸ அணச்சுப் பாத்தாச்சு. அப்பவும் பொய்."

"8.00. பெட்டி 110. ஓட்டம் 85. இப்ப அங்கிட்டுப் பொய்."

"10.30. சாப்பிட்டாச்சு. கோழி. பெட்டிக்கும் பசி அடங்கிருச்சு போல. ஒழுங்காக் காட்டுது."

வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த பக்கம் செவ்வாய்க்கிழமை.

"7.00. பெட்டி 88. ஓட்டம் 90. இன்னைக்குச் சாம்பார். பெட்டியும் வெரதம். பொய் பேசல."

சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்குத் திருப்பினார். பத்தரைக்கு முன்னால் எல்லா வரியும் தப்பு. பத்தரைக்குப் பின்னால் எல்லா வரியும் சரி. வயரில் பிழை இருந்தால் சாப்பாட்டு நேரம் பார்த்துச் சரியாகாது. போன வியாழக்கிழமை என்ன சாப்பாடு என்று ரத்தினவேலுக்குப் போன் போட்டுக் கேட்டார். ஆட்டுக்கறி. வெள்ளிக்கிழமை? தக்காளிச் சோறு.

சாப்பாட்டுப் பையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். வீல் ரூமில் ஆணியில் மாட்டுவோம், வேறு எங்கே வைத்தாலும் உப்புத்தண்ணீர் தெறிக்கும் என்றார் ரத்தினவேல். எந்தச் சுவரில்?

"அதான் தங்கச்சி, நீங்க அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டுன பலகை. அங்கிட்டுப் பெட்டி, இங்கிட்டுப் பை."

நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஆனால் செவ்வாயும் அதே பைதான், அதே எவர்சில்வர் தூக்குவாளிதான். குழம்பு மட்டும்தான் வேறு. கோழிக்குழம்புக்குக் காந்தத்தைத் திருப்புகிற சக்தி இருக்குமா?

இருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முனியாண்டி விலாஸ் மாதிரி ஏதோ ஒரு கடையில் கவியரசனைக் கோழிக்குழம்பு வாங்கிவரச் சொல்லி, கிண்ணத்தில் ஊற்றி, செல்போனில் திசைகாட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். முள் அசையவில்லை. எலும்புத் துண்டை மட்டும் எடுத்து வைத்தார். அசையவில்லை. கவியரசன் பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார்.

"ஆராய்ச்சி முடிஞ்சா சொல்லு. நான் ஒரு நாலு தோசையோட உக்காந்திருக்கேன்."

புதன்கிழமை மத்தியானம் பிரகதீஸ்வரி ரத்தினவேல் வீட்டுக்குப் போனார். ரத்தினவேலின் மனைவி செங்கமலம் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவரும் கொடும்பாளூர்ப் பக்கம்தான். கல்யாணமாகி இவ்வளவு வருஷம் கழித்து இப்போதுதான் கடலைப் பக்கத்தில் பார்க்கிறவர். பிரகதீஸ்வரி தூக்குவாளியைப் பார்க்க வேண்டும் என்றார். செங்கமலம் எடுத்து வந்தார். பக்கத்தில் வைத்ததும் போன் முள் கொஞ்சம் ஆடி, தன் இடத்துக்கே வந்தது. பிறகு தன் வழக்கமான விசாரணையைத் தொடங்கினார். கறி அனுப்புகிற நாளில் பையில் வேறு என்ன வைப்பீர்கள், சாம்பார் நாளில் எது இருக்காது?

செங்கமலம் யோசித்தார். இலை எல்லா நாளும் உண்டு. தண்ணீர் பாட்டில் எல்லா நாளும் உண்டு.

"கறி நாளைக்கு இரும்பு வப்பேன். அதுவா?"

கறி, மீன் என்று கவிச்சியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோனால், பேய் பிசாசு பின்னால் வராமல் இருக்கக் கூடவே ஓர் இரும்புத் துண்டு வைப்பது அவர்கள் ஊர் வழக்கம். வயலுக்குக் கறிச்சோறு போனாலும் அப்படித்தான், கடலுக்குப் போனாலும் அப்படித்தான். கடலுக்குள்ளேயே கவிச்சிதானே மதினி இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. பிரகதீஸ்வரி கேட்கவில்லை. செங்கமலம் எழுந்து போய், ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த ஒன்றைப் பிடித்து இழுத்துப் பிய்த்து எடுத்து வந்தார்.

வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, உள்ளங்கை அளவில் கனமான கறுப்பு வளையம். ஓரத்தில் ஒரு நீலப் பெயிண்ட் தீற்றல்.

அந்த நீலத்தைப் பார்த்ததும் அது எங்கிருந்து வந்தது என்று பிரகதீஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் கோயில் மைக் செட்டில் கிழிந்துபோன ஸ்பீக்கரைக் கழற்றி, காந்தத்தை மட்டும் பிரித்துப் பழைய சாமான் டப்பாவில் போட்டவர் அவர்தான். பழுதான மிக்சியைக் கொடுக்க வந்த செங்கமலம், இது இரும்புதானே, எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். எடுத்துக்கங்க மதினி என்று பிரகதீஸ்வரி தலையைக் கூட நிமிர்த்தாமல் சொல்லிவிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த ஒரு தடவைதான் கேட்காமல் விட்டது.

"முன்னாடி ஆணி வப்பேன். பைக்குள்ள விழுந்து தொலஞ்சு போயிரும். இது வாளி மூடியில ஒட்டிக்கிட்டே இருக்கும், தொலையாது" என்றார் செங்கமலம்.

பிரகதீஸ்வரி போனை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். முள் சுற்றிக்கொண்டு ஓடியது. வயர்லெஸ்ஸில் இருக்கிற சின்ன ஸ்பீக்கருக்குப் பயந்து ஒரு கோடியில் வைத்தாரே, அதைப்போலப் பல மடங்கு பெரிய ஸ்பீக்கரின் காந்தம், ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில், குழம்பு தீரும் வரை தொங்கியிருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் வாளியைக் கழுவ முன்பக்கம் கொண்டுபோய் அங்கேயே கவிழ்த்து வைப்பார்கள். பெட்டிக்குப் பசி அடங்கிவிடும்.

விஷயம் புரிந்ததும் செங்கமலம் பிரகதீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"வெளிய சொல்லிறாதீங்க. இனிமே பழையபடி ஆணியே வச்சுக்கிறேன். எல்லையில மாட்டி விடப் பாத்தவ இவதான்னு என் தலையில விழும்."

அதுவும் உண்மைதான். மணி மூன்று. பிரகதீஸ்வரி வாசல்படியில் உட்கார்ந்து யோசித்தார். சத்தமில்லாமல் காந்தத்தை எடுத்துவிட்டால் பெட்டி சரியாகிவிடும், ஆனால் நாலு மணிக்கு அந்தப் பெட்டியே இருக்காது. உள்ளதைச் சொன்னால், அவர் தலையில் இருக்கிற பழி நகர்ந்து இன்னொரு பொம்பளை தலையில் போய் உட்காரும். கடைசியில் காந்தத்தையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு, செங்கமலத்தையும் கூட வரச் சொல்லி நடந்தார்.

கரையில் படகு தண்ணீரில் கயிற்றில் நின்றது. தங்கமுத்து ஸ்பேனரோடு உள்ளே இருந்தார். ரத்தினவேலும் வேறு படகு ஆட்கள் ஐந்தாறு பேரும் மணலில் நின்றார்கள். பிரகதீஸ்வரி தண்ணீர் ஓரத்தில் செருப்பு நனைய நின்று, ஒரே ஒரு உதவி கேட்டார். திரையில் இருக்கிற எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"நூத்திப் பத்து" என்றார் தங்கமுத்து.

பிரகதீஸ்வரி வெறும் தூக்குவாளியை ரத்தினவேலிடம் கொடுத்தனுப்பி, ஆணியில் மாட்டச் சொன்னார். நூற்றுப் பத்துதான். பிறகு காந்தத்தையும் கொடுத்தனுப்பி, மூடியில் ஒட்டி மாட்டச் சொன்னார்.

தங்கமுத்து மாட்டிவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"நூத்தி அறுபத்தி மூணு."

எடுக்கச் சொன்னார். நூற்றுப் பத்து. இனி அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை. தங்கமுத்து தானாகவே மாட்டினார், எடுத்தார், திருப்பிப் போட்டார், தள்ளிப் பிடித்தார், மறுபடி மாட்டினார். எண்கள் வந்துகொண்டே இருந்தன. மணலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீருக்குள் இறங்கிப் படகின் ஓரத்தைப் பிடித்து எட்டிப் பார்த்தார்கள்.

இது எங்கிருந்து வந்தது என்று யாரோ கேட்டார்கள். செங்கமலம் தலையைக் குனிந்தார். பிரகதீஸ்வரி முந்திக்கொண்டார். இது தன் கடைச் சாமான் என்றார். இரும்பு என்று நினைத்துக் கேட்டவர்களுக்கு, காந்தம் என்று தெரிந்த தான் எடுத்துக் கொடுத்ததாகவும், எதற்கு என்று கேட்கவில்லை, அது தன் தப்பு என்றும் சொன்னார்.

தங்கமுத்து வீல் ரூமிலிருந்து தலையை நீட்டினார்.

"அப்ப அம்மன் நாள் கணக்கு?"

"அம்மன் நாள்ல கவிச்சி இல்லண்ணே. கவிச்சி இல்லாட்டி இரும்பு இல்ல. நீங்கதான எழுதுனீங்க, பெட்டி வெரதம்னு. அத வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

ரத்தினவேல்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். தங்கமுத்துவுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. தன் நக்கல் இப்படி வேலைக்கு ஆகும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார், அதை டூல்ஸ் பெட்டிக்குள் திரும்பப் போட்டார்.

இரும்பு இல்லாமல் கறி எப்படி அனுப்புவது என்று செங்கமலம் மெல்லக் கேட்டார். அதற்குத் தங்கமுத்துவே பதில் சொன்னார். "அடுப்புக்கரி ஒண்ணு வச்சு விடுங்க. எங்க மாமியார் வீட்டுப் பக்கம் அதான் வப்பாக. பேயும் பயப்படும், பெட்டியும் பொய் சொல்லாது."

அப்படியே சொல்லிவிட்டுத் திரும்பியவர், மறுபடி திரையைப் பார்த்தார். காற்றில் படகு கயிற்றோடு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, படகு திரும்புனா இதுவும் திரும்புதே. ஒருவாட்டி நீயே பாத்துச் சொல்லு, சரியா இருக்கான்னு."

பிரகதீஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றார். படகு தண்ணீரில் அல்லவா இருக்கிறது?

"தெரியுது தெரியுது. ஏறி வா" என்றார் தங்கமுத்து.

அவர் செருப்பை மணலில் கழற்றி வைத்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து, படகின் ஓரத்தைப் பிடித்து ஏறினார். வீல் ரூமில், தான் எண் போட்ட பிளாஸ்திரிகளுக்கு நடுவே, சின்னப் படகுப் படம் மெல்ல இடது பக்கம் திரும்பியது. வெளியே நிஜப் படகின் மூக்கும் இடது பக்கம் திரும்பியது. கரையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நிமிஷம் இறங்கவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை.

இன்றைக்கு அந்தக் கரையில் நாலு படகுகளில் அவர் சுற்றிய பிளாஸ்திரி இருக்கிறது. நாலுமே தண்ணீரில் நிற்கும்போது மாட்டியவை. இப்போது அவருடைய கேள்விப் பட்டியலில் ஒன்று கூடியிருக்கிறது: "சாப்பாட்டுப் பைய எங்க மாட்டுவீங்க?" பழைய ஸ்பீக்கர் காந்தங்களை ஒரு தனி டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது கடலுக்குப் போகிறவராக இருந்தால், இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். திசைப்பெட்டிக்குப் பக்கத்தில் பாட்டுப் பெட்டியோ, காந்தம் வைத்த செல்போன் உறையோ, ஸ்பீக்கரோ இருக்கிறதா என்று அவர் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். சொல்லும்போது கோழிக்குழம்பை விட்டுவிடாதீர்கள். தங்கமுத்துவின் நோட்டையும் விட்டுவிடாதீர்கள். பிரகதீஸ்வரியின் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.